ஒரு தொப்பியும் ஒரு மஞ்சள் பேப்பரும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற பக்கம் மண்டகப்பட்டு என்று ஒரு கிராமம். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் ஒரு பாறையைக் குடைந்து கோயிலாக்கினான். ஆக்கியதோடு விட்டானா? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் உண்டாக்கிய ஆலயம் இது என்று அங்கேயே கல்லில் வெட்டியும் வைத்தான். விசித்திரசித்தன் யார் என்று தேடி அலைய வேண்டாம், சாட்சாத் அவனேதான். உலோகமே இல்லாத கோயிலை எந்த உளியால் குடைந்தான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ராஜாவுக்குக் கோபம் வரும்.

தமிழ்நாட்டின் முதல் குடைவரை இதுதான் என்று எங்கள் ஜில்லாக்காரர்கள் அடித்துச் சொல்வோம். பிள்ளையார்பட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது அவர்கள் பாடு. வாசலின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள் ஜோராக நிற்கிறார்கள். உள்ளே மூன்று கருவறையும் காலி. சாமி எப்போதோ கிளம்பிவிட்டது. செக்யூரிட்டி மட்டும் ஆயிரத்து நானூறு வருஷமாக டியூட்டியில் இருக்கிறது.

விளையாட்டுப் பேப்பரின் சரித்திரம் எழுத உட்கார்ந்தவன் இந்த ராஜாவை ஏன் இழுக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொழிலின் இலக்கணம் மொத்தமும் இவன் காலத்திலேயே ரெடி. வாதாபிப் புலிகேசிக்கும் நம்மாளுக்கும் ஒரு மேட்ச் நடந்தது. ஒரே மேட்ச், ரிப்போர்ட் இரண்டு. 634-ல் ஐஹொளேயில் ரவிகீர்த்தி என்ற கவிஞர் வெட்டுவித்த கல்வெட்டைப் படித்தால், சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். பல்லவர் தரப்பின் காசாக்குடிச் செப்பேட்டைப் படித்தால், மகேந்திரன் புள்ளலூரில் எதிரிகளைத் துவம்சம் செய்தான். செப்பேட்டில் எதிரி யார் என்று பெயரே இல்லை. தவிர, புள்ளலூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெயித்தது சரி, எதிரி வீட்டு வாசல்படி வரை எப்படி வந்தான் என்பதை ரிப்போர்ட்டர் எழுத மறந்துவிட்டார்.

பல்லவர் ரிப்போர்ட் வெளியானது மேட்ச் முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. லேட் சிட்டி எடிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஐஹொளே நிருபராவது சுடச்சுடக் கொடுத்தார். ஆனால் கடைசியில் ஒரு வேலை செய்தார்: புகழில் தான் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமம் என்று தன்னைப் பற்றியே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஸ்கோர் யாருக்கு வேண்டும், பைலைன் முக்கியம்!

இந்த இலக்கணத்தை ஒரு வரி பிசகாமல் கடைப்பிடித்து உலகப் புகழ் அடைந்தவர்கள் பாரிஸ்காரர்கள். லெக்கிப் என்று ஒரு தினசரி அங்கே வருகிறது. நாடு முழுக்கப் போகிற பேப்பர், விளையாட்டுதான் அதற்குச் சோறு. மக்களுக்கு விளையாட்டின் மேல் இருந்த ஆசையைப் பார்த்து யாரோ நல்ல மனிதர் ஆரம்பித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஆரம்பித்தது ஒரு தொப்பி.

1899 ஜூன் மாதம். பிரான்ஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ கேப்டன் மேல் தேசத்துரோகப் பழி போட்டு, நாடு கடத்தி, தீவில் அடைத்திருந்தார்கள். அவர் நிரபராதி என்று எழுத்தாளர் எமில் ஸோலா பகிரங்கக் கடிதம் எழுதியதிலிருந்து வீட்டுக்கு வீடு சண்டை. ஜனாதிபதி லூபே குதிரைப் பந்தயம் பார்க்கப் போனார். அவர் ட்ரைஃபஸுக்கு வேண்டியவர் என்று கடுப்பிலிருந்த பரோன் கிறிஸ்தியானி என்ற பிரபு, கைத்தடியை ஓங்கி ஜனாதிபதி மண்டையைக் குறிவைத்து ஒரு போடு போட்டார். தொப்பி நசுங்கியது. ஜனாதிபதி பிழைத்தார்.

அன்றைய அமளியில் மாட்டிக்கொண்டவர்களில் தி தியோன் என்ற பிரபுவும் ஒருவர். மோட்டார் கார் தயாரிக்கிற பெரிய பணக்காரர். அவருக்குப் பதினைந்து நாள் ஜெயில், நூறு ஃபிராங்க் அபராதம். பல புத்தகங்களில் தொப்பியை அடித்தவரே இவர்தான் என்று எழுதிவிட்டார்கள். பாவம், அடித்தது வேறு ஆள். சரித்திரத்தில் எப்போதும் பிரபலமானவர் பெயரில்தான் அடி விழும்.

அந்தக் காலத்தில் பாரிஸில் விளையாட்டுக்கென்று பெரிய தினசரி ஒன்றுதான். லெ வெலோ, அதாவது சைக்கிள், என்று பெயர், பச்சைக் காகிதம், தினம் எண்பதாயிரம் பிரதி போகிறது என்று பீற்றிக்கொண்டார்கள். அதன் எடிட்டர் பியேர் ஜிஃபார் ட்ரைஃபஸ் கட்சி. தியோனின் கூத்தைக் கண்டித்து எழுதினார். அவர் பேப்பருக்கு விளம்பரம் கொடுத்து வாழவைப்பவர்களில் தியோன் முக்கியமானவர் என்பது எழுதுகிற சூட்டில் மறந்துபோயிற்று. சம்பளம் கொடுக்கிறவரைத் திட்டி எழுத ஒரு தைரியம் வேண்டும், அல்லது ஞாபகமறதி.

தியோன் என்ன செய்தார்? நம்மூர்ப் பணக்காரர் என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போயிருப்பார். இவர் போட்டிப் பேப்பரே ஆரம்பித்துவிட்டார். டயர் கம்பெனி மிஷெலின் இருக்கிறதே, அவர்களும் கூட்டு. ஜிஃபாரின் விளம்பர ரேட் மேல் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தவர்கள். 1900 அக்டோபர் 16-ல் லோத்தோ-வெலோ என்ற தினசரி வெளிவந்தது. அவன் பச்சையா, நான் மஞ்சள் என்று மஞ்சள் காகிதத்தில் அடித்தார்கள். உலகமே இன்று கும்பிடுகிற மஞ்சள் நிறம், ஒரு வாய்க்கால் தகராறில் வந்த நிறம்.

எடிட்டராகப் பிடித்துப் போட்ட ஆள் ஆன்ரி தெக்ராஞ்ஜ். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். கெண்டைக்கால் தெரிய சைக்கிள் ஓட்டுகிறார் என்று கட்சிக்காரர் ஒருவர் புகார் கொடுத்து வேலை போனதாகக் கதை. போன வேகத்தில் 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி உலக ரெக்கார்டு போட்டார். அடுத்த வருஷமே இன்னொருவர் அதைச் சுக்குநூறாக்கிவிட்டார். தெக்ராஞ்ஜ் கவலைப்படவில்லை. அந்த ஒரு வருஷத்துப் பெருமையை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் சைக்கிள்காரர்களுக்கு அட்வைஸ் பண்ணினார்.

பேப்பர் விற்கவில்லை. போதாக்குறைக்கு ஜிஃபார் கோர்ட்டுக்குப் போனார்: வெலோ என்ற பெயர் என்னுடையது, எடு என்றார். கோர்ட்டும் எடு என்றது. சைக்கிள் வாசகர்களை நம்பி நடக்கிற பேப்பரின் பெயரிலிருந்து சைக்கிள் போய், 1903 ஜனவரியில் வெறும் லோத்தோ ஆயிற்று. சைக்கிள் பேப்பர் வாங்கப் போனவன் மோட்டார் பேப்பர் என்று நினைத்துத் திரும்பிவிடுவான் என்ற பயம் ஆபீஸ் முழுக்க.

தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1902 நவம்பர் 20-ல், ஆபீஸில் அவசர மீட்டிங். ஜிஃபாரின் வாயை அடைக்க வழி சொல்லுங்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மூலையில் ஜியோ லெஃபேவ்ர் என்ற இளவட்டம். பச்சைப் பேப்பரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த பையன். ஏதாவது சொல்லாவிட்டால் தலைவர் முறைப்பாரே என்று, பிரான்ஸ் முழுக்க ஒரு ரவுண்டு சைக்கிள் பந்தயம் விடலாம், பல நாள் ஓடட்டும் என்றான். சொல்ல வேறொன்றும் தோன்றாததால் சொன்னேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். டூர் தெ ஃபிரான்ஸ் என்று நாம் வாய் பிளந்து பார்க்கிற சமாச்சாரம் பிறந்தது அப்படித்தான்.

தெக்ராஞ்ஜ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பையனைப் பக்கத்து ரெஸ்டாரன்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். சாப்பிட்டு முடித்து, கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் விக்டர் கொதேயைக் கேட்கலாம் என்றார். இது எல்லா ஆபீஸிலும் உள்ள டெக்னிக்தான். அக்கவுண்டன்ட் எப்படியும் முடியாது என்பார், நம் கையில் ரத்தம் படாது. ஆனால் கொதே, எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள் என்று பெட்டியைத் திறந்துவிட்டார். பணம் கேட்டதும் சரி என்ற அக்கவுண்டன்ட், உலக சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

பந்தயம் அறிவித்தார்கள். சேர்ந்தவர்கள் பதினைந்து பேர்! யார் ஐந்து வாரம் வேலையை விட்டுவிட்டு சைக்கிள் மிதிப்பார்கள்? தெக்ராஞ்ஜ் இறங்கி வந்தார். நாளைக் குறைத்தார், நுழைவுக் கட்டணத்தை இருபது ஃபிராங்கிலிருந்து பத்தாக்கினார், ஓட்டுகிறவர்களுக்குத் தினப்படியும் உண்டு என்றார். ஆடித் தள்ளுபடி மாதிரி அறிவிப்பு வந்ததும் அறுபது பேர் கிளம்பினார்கள். 1903 ஜூலை 1, பாரிஸுக்கு வெளியே மோன்ஜெரோன் என்ற ஊரில் ஒரு காபிக் கடை வாசலில் ஸ்டார்ட்.

அன்று காலைப் பேப்பரில் தெக்ராஞ்ஜ் எழுதிய தலையங்கம் இருக்கிறதே, அதைப் படித்தால் மகேந்திரவர்மனே வெட்கப்படுவான். சைக்கிள்காரர்களை நாடெங்கும் வீசுகிற தன் பேப்பரை, வயலில் கையை வீசி நடக்கிற உழவனோடு ஒப்பிட்டார். அந்த உழவனை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஸோலாவின் நாவலிலிருந்து. ட்ரைஃபஸுக்கு எதிரான பிரபுக்களின் காசில் பிறந்த பேப்பர், ட்ரைஃபஸின் ஆஸ்தான வக்கீலான ஸோலாவிடம் உவமை கடன் வாங்கித் திருவிழாவை ஆரம்பித்தது. முதலாளி தியோன் அதைப் படித்துக் காபியைத் துப்பினாரா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இவ்வளவு எழுதிய தெக்ராஞ்ஜ் பந்தயத்தோடு போகவில்லை. ஊற்றிக்கொண்டால் யார் முகத்தில் கரி? யோசனை சொன்ன பையனையே அனுப்பிவிட்டார். லெஃபேவ்ர்தான் அம்பயர், அவரேதான் டைம் கீப்பர், நிருபரும் அவரே. கொஞ்ச தூரம் சைக்கிள், கொஞ்ச தூரம் ரயில் என்று ஓடினார். முதல் நாள் ஸ்டேஜ் மட்டும் 467 கிலோமீட்டர். விழுப்புரத்தில் மிதிக்க ஆரம்பித்தால் மதுரையைத் தாண்டித் திருநெல்வேலியை எட்டிவிடுகிற தூரம். ராத்திரியெல்லாம் மிதிக்க வேண்டும், சாலையில் விளக்குக் கிடையாது. மீட்டிங்கில் ஐடியா கொடுப்பவர்களே, ஜாக்கிரதை.

மோரிஸ் காரன் ஜெயித்தார். சிறுவயதில் புகைபோக்கி சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். இரண்டாவதாக வந்தவரைவிட ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்னால். அறுபதில் முடித்தவர்கள் இருபத்தொரு பேர். அதைவிட முக்கியமான ஸ்கோர்: இருபத்தையாயிரமாக இருந்த பேப்பர் விற்பனை அறுபத்தையாயிரம். ஊற்றாது என்று தெரிந்ததும் தெக்ராஞ்ஜ் பந்தயத்தின் தந்தை ஆகிவிட்டார். லெஃபேவ்ர்? இன்றைக்கும் பல பேருக்கு அவர் பெயர் தெரியாது.

அடுத்த வருஷம் 1904. முதல் வருஷம் பக்தி, இரண்டாம் வருஷம் ஊழல் என்பது எந்தத் திருவிழாவுக்கும் பொருந்தும். சைக்கிள்காரர்கள் ரயிலில் ஏறிப் போனார்கள்! எதிராளி வரும் சாலையில் ரசிகர்கள் ஆணியைக் கொட்டினார்கள். சேன்த் எத்தியேன் பக்கம், ராத்திரியில், தங்கள் ஊர்ப் பையன் ஃபோர் முதலில் போக வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் மறித்துக்கொண்டு மற்றவர்களை அடித்தார்கள். மாதக்கணக்கில் விசாரணை. டிசம்பரில் முதல் நான்கு பேரையும் தகுதிநீக்கம் செய்தார்கள், காரன் உட்பட. ஐந்தாவதாக வந்த பத்தொன்பது வயசுப் பையன் கோர்னே சாம்பியன். ஜூலையில் தோற்றவனுக்கு டிசம்பரில் மாலை.

பந்தயம் செத்துப்போயிற்று, இதுதான் கடைசி என்று தெக்ராஞ்ஜ் ஒப்பாரி வைத்து எழுதினார். ஒப்பாரிப் பேப்பரும் நன்றாக விற்றது. அதனால் அடுத்த வருஷமும் பந்தயம் நடந்தது.

பச்சைப் பேப்பர் என்ன ஆயிற்று? 1904 நவம்பரில் மூடிவிட்டார்கள். வழக்கில் ஜெயித்த ஜிஃபார் தெருவில் நின்றார். இங்கேதான் எனக்கு தெக்ராஞ்ஜைப் பிடிக்கிறது. பழைய எதிரியைக் கூப்பிட்டுத் தன் மஞ்சள் பேப்பரிலேயே எழுத இடம் கொடுத்தார். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. தினமும் எதிரி தன்னிடம் கட்டுரை கொண்டுவந்து நீட்டுகிற காட்சியில் கொஞ்சம் ருசியும் இருந்திருக்கும், மனுஷன்தானே.

போட்டியில்லாமல் போனதும் போரடித்தது. தினம் பேப்பர் அடிக்க வேண்டும், தினம் ஒரு பரபரப்பு வேண்டும். 1910-ல் ஸ்டெய்னெஸ் என்ற நிருபர், பந்தயத்தைப் பிரனீஸ் மலை மேல் ஏற்றலாம் என்றார். அங்கே சாலையே கிடையாது என்றார் தெக்ராஞ்ஜ். போய்ப் பார்த்து வருகிறேன் என்று இவர் கிளம்பினார். துர்மலே கணவாய், 2,115 மீட்டர் உயரம். கார் பனியில் சிக்கியது. டிரைவர் இதற்கு மேல் வரமாட்டேன் என்றார். ஸ்டெய்னெஸ் இருட்டில் பனிக்குள் நடந்தார், தடுக்கி விழுந்தார், வழி தவறினார். ஊர்க்காரர்கள் லாந்தரோடு தேடிக் கண்டுபிடிக்கும்போது விடிய இன்னும் மூன்று நாலு மணி நேரம்தான் பாக்கி. வெந்நீரில் குளித்து, உயிர் வந்து, பாரிஸுக்குத் தந்தி அடித்தார்: துர்மலே தாண்டியாயிற்று, சாலை பிரமாதம், தாராளமாகப் போகலாம்.

மதிலுக்குப் பின்னால் யார் ஒளிந்தார்கள் என்ற ஐஹொளே விவகாரமெல்லாம் இந்தத் தந்திக்கு முன்னால் கால் தூசு!

அந்த வருஷம் மலை ஏறியவர்களில் ஒக்தாவ் லபீஸ் என்பவர் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். உச்சியில் நின்ற பேப்பர்காரர்களைப் பார்த்து, கொலைகாரப் பாவிகளா என்று கத்தினார். கத்திய லபீஸ்தான் அந்த வருஷம் சாம்பியன். கொலைகாரர்கள் அதையும் முதல் பக்கத்தில் போட்டு விற்றார்கள்.

தெக்ராஞ்ஜின் சட்டதிட்டங்கள் தனிக் காவியம். ஒரே ஒருவன் மட்டும் முடிக்கிற பந்தயம்தான் தன் லட்சியம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். சைக்கிளில் கியர் மாற்றுவது சோம்பேறித்தனம் என்பது அவர் கொள்கை. அவர் பொறுப்பிலிருந்து இறங்கிய பிறகு 1937-ல்தான் கியர் உள்ளே வந்தது. யாரும் யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது என்றும் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தின் முழு அழகு 1913-ல் வெளிப்பட்டது.

எஜேன் கிறிஸ்தோஃப் அன்று முன்னணியில் இருந்தார். துர்மலே இறக்கத்தில் சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. ஸ்பேர் வாங்கக் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி நடந்தார். கீழே கிராமத்தில் ஒரு கொல்லுப்பட்டறை. கொல்லர் செய்து தருகிறேன் என்றார். தரக்கூடாது! கூடவே வந்து நின்றுகொண்டார்கள் பந்தய அதிகாரிகள், கண்கொத்திப் பாம்பாக. கிறிஸ்தோஃப் தானே சுத்தியலைப் பிடித்தார். இரும்பைக் காய்ச்சினார், அடித்தார், ஓட்டை போட்டார். மணிக்கணக்கில் வேலை. ஒரு கை இரும்பைப் பிடிக்க, மற்றது அடிக்க, துருத்தி ஊத மூன்றாவது கைக்கு எங்கே போவது? பட்டறையிலிருந்த சின்னப் பையன் துருத்தி ஊதினான்.

அதிகாரிகள் நோட்டை எடுத்தார்கள். வெளியாள் உதவி. பத்து நிமிடம் அபராதம்!

பிறகு யாருக்கோ மனசாட்சி உறுத்தி அபராதத்தைக் குறைத்தார்கள். கிறிஸ்தோஃப் எப்படியும் பல மணி நேரம் பின்தங்கியாயிற்று. அந்த நிமிடங்களைக் குறைத்தால் என்ன, கூட்டினால் என்ன. இந்த மனிதரை தெக்ராஞ்ஜ் மறக்கவில்லை. 1919-ல் முன்னணி வீரர் கூட்டத்தில் அடையாளம் தெரிய வேண்டும் என்று பேப்பரின் நிறத்திலேயே மஞ்சள் ஜெர்ஸி தைத்தார்கள். முதலில் மாட்டிக்கொண்டவர் அதே கிறிஸ்தோஃப். வழியெல்லாம் ஜனங்கள் கானரிக் குருவி போகிறது பார் என்று கேலி செய்தார்கள். நடமாடும் விளம்பரப் பலகை ஆனதற்கு அவருக்குத் தனியாகக் காசு உண்டா என்று கேட்காதீர்கள். அந்த வருஷமும் ஃபோர்க் முறிந்து தோற்றார் என்று சொன்னால் நம்புவீர்களா? முறிந்தது, தோற்றார்.

தெக்ராஞ்ஜ் காலமான பிறகு மஞ்சள் ஜெர்ஸியில் ஹெச். டி. என்று அவர் இனிஷியலைப் பொறித்தார்கள். மகேந்திரனுக்குப் பாறை கிடைத்தது, இவருக்குப் பனியன்.

இத்தாலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மிலானில் கசெத்தா தெல்லோ ஸ்போர்ட் என்று ஒரு பேப்பர், 1896-லிருந்து. முதலில் பச்சை, 1899-லிருந்து ரோஸ் கலர். 1908-ல் போட்டிப் பேப்பரான கொர்ரியேரே தெல்லா சேரா இத்தாலி சுற்றும் பந்தயம் விடப்போகிறது என்று காதில் விழுந்தது. ரோஸ் பேப்பர் எடிட்டர்கள் ஊரில் இல்லை. தந்தி பறந்தது, ஓடி வந்தார்கள், கையில் தம்பிடி இல்லாமல் நாங்கள்தான் நடத்துகிறோம் என்று முந்திக்கொண்டு அறிவித்துவிட்டார்கள். பிறகுதான் யார் யாரிடமோ துண்டு ஏந்தினார்கள். கொடுத்தவர்களில் கொர்ரியேரேவும் உண்டு: முதல் பரிசு மூவாயிரம் லிரா அவர்கள் உபயம். தன் கல்யாணத்தைத் தட்டிப் பறித்தவனுக்கே மொய் எழுதுவது என்றால் இதுதான்.

ஜீரோ என்று பெயர் வைத்த அந்தப் பந்தயத்தை 1909-ல் முதன்முதலில் ஜெயித்தவர் லூயிஜி கன்னா. தொழில் கொத்தனார்; செங்கல் வேண்டாம் என்ற நம் விசித்திரசித்தனிடம் வேலை கிடைத்திருக்காது. முடித்ததும் நிருபர் கேட்டார், இந்த மகத்தான தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள்? கன்னா உள்ளூர்ப் பேச்சில் உண்மையைச் சொன்னார்: பின்பக்கம் பயங்கரமாக எரிகிறது. விளையாட்டு நிருபர்கள் அதே கேள்வியை இன்றுவரை கேட்கிறார்கள். அவ்வளவு நேர்மையான பதில் அப்புறம் வரவில்லை.

நம் கதைக்கு வருவோம். அந்த மாதிரி ஒரு தினசரி நம் நாட்டில் காலூன்றவில்லை. வாரப் பத்திரிகை வந்ததுண்டு, அதுவும் மெட்ராஸில். தி ஹிந்து கம்பெனி 1947-ல் ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் ஆரம்பித்தது, 1968 வரை வந்தது. பெயரைப் பாருங்கள்: விளையாட்டு, கூடவே பொழுதுபோக்கு. வெறும் விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுபோனால் அப்பா என்ன சொல்வாரோ என்ற மயிலாப்பூர்த் தயக்கம் அட்டையிலேயே தெரிகிறது. எஸ். கே. குருநாதன் அதன் எடிட்டராக இருந்து கிரிக்கெட் புள்ளிவிவரங்களைச் சேர்த்த சேர்மானத்துக்கு இன்றைய இணையதளங்கள் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1978-ல் ஸ்போர்ட்ஸ்டார் வந்தது. அதை ஆழ்ந்து படித்தவர்கள் பலர் இருக்கலாம். திண்டிவனம், விழுப்புரம் சலூன்களில் அதற்கு வேறு உபயோகம்: நடுப்பக்க போஸ்டர். கபில்தேவ், மரடோனா, ஸ்டெஃபி கிராஃப் மூவரும் ஒரே சுவரில், பழனி முருகன் காலண்டருக்குப் பக்கத்தில். பின்னை மெதுவாகக் கழற்றி, நடுத்தாளை உருவி, மிச்சப் பத்திரிகையைப் பெஞ்சில் போட்டுவிடுவார் சலூன்காரர். வாசகனுக்கு எது வேண்டும் என்று எந்த சர்வே கம்பெனியும் அவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

பாரிஸ்காரர் பேப்பருக்காகப் பந்தயம் விட்டார். தினத்தந்தி சிவந்தி ஆதித்தன் ஒரு படி மேலே போனார். வாலிபாலை வளர்த்தார், 1987-லிருந்து 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கே தலைவராக இருந்தார். ஒலிம்பிக்கில் இந்தியா பதக்கமில்லாமல் திரும்பிய வருஷங்களும் அதில் அடக்கம். செய்தியை உருவாக்குவது பேப்பர்காரர் கையில் இருக்கிறது, பதக்கம் இல்லை.

தனிப் பேப்பர் நமக்கு எதற்கு என்பதும் நியாயமான கேள்வி. டீக்கடையில் ஒரு பேப்பர் ஆறு தாளாகப் பிரிந்து ஆறு பேர் கையில் இருக்கும். விளையாட்டுத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்குத் தேர்வுக்குழுத் தலைவர். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேப்டனை மாற்றுவார், கோச்சை வீட்டுக்கு அனுப்புவார், ஸ்பின்னரை ஓபனிங் இறக்குவார். மறுநாள் இந்தியா ஜெயித்தால், நான் அப்பவே சொன்னேனே என்பார். அவர் எதையும் அச்சில் போடாததால் பிழைத்துக்கொண்டார்.

அச்சில் போட்டு மாட்டிக்கொண்டது லெக்கிப். மஞ்சள் பேப்பரை 1944-ல், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் நடந்துகொண்ட லட்சணத்துக்காக மூடிவிட்டார்கள். 1946-ல் அக்கவுண்டன்ட் கொதேயின் மகன் ஜாக் கொதே லெக்கிப் என்ற பெயரில் மறுபடி கடை திறந்தார். மஞ்சள் காகிதம் மட்டும் கூடாது என்று உத்தரவு. 1954-ல் உல்வ்ஸ் என்ற இங்கிலீஷ் கிளப் ஹங்கேரியின் ஹோன்வெத்தை ஜெயித்ததும் லண்டன் பேப்பர்கள் எங்கள் பையன்கள்தான் உலக சாம்பியன் என்று குதிக்க, எங்கே நிரூபி பார்க்கலாம் என்று லெக்கிப் நிருபர் கப்ரியேல் ஆனோ ஒரு போட்டித்தொடருக்கே திட்டம் போட்டார். இன்று நள்ளிரவு தாண்டியும் நம் பிள்ளைகளைத் தூங்கவிடாத சாம்பியன்ஸ் லீக் அதுதான். பழைய குணம் போகவில்லை, யாரையாவது மட்டம்தட்ட வேண்டும், அதற்காக ஒரு கோப்பை செய்வார்கள்.

1998-ல் உலகக் கோப்பை ஃபுட்பால் பிரான்ஸிலேயே நடந்தது. பிரெஞ்சு டீமின் கோச் எமே ஜாக்கே. லெக்கிப்புக்கு அவரைக் கண்டால் ஆகாது. டாக்டிக்ஸ் தெரியாது, ஆள் தேர்வு தெரியாது, கிராமத்தான் என்கிற தொனியில் மாதக்கணக்கில் பிழிந்தெடுத்தார்கள். ஜூலை 12, ஃபைனல். பிரான்ஸ் மூன்று, பிரேசில் பூஜ்யம். ஊரே தெருவில் ஆடுகிறது. கோப்பை கையில் வந்த ராத்திரியிலும், இவர்களை ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்றார் ஜாக்கே. எடிட்டர் தப்பை ஒத்துக்கொண்டு எழுத வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை லெக்கிப் பதினாறு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதற்கு முன் அந்தப் பேப்பர் அவ்வளவு விற்றதே இல்லை. கமிஷன் கேட்டு ஜாக்கே கோர்ட்டுக்குப் போயிருந்தால், நியாயமாகத் தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்திருக்கும்.